மேல் காற்றும் கீழ் காற்றும்

சென்ற மாசி மாதம், கும்பப் பூ நெல் அறுவடை முடிந்த சமயம், தோவாளைக்குக் கிழக்கே உள்ள மேய்ச்சல் வெளியில் ஓர் ஆகாய விமானம் வந்து இறங்கியிருப்பதாகக் குழித்துறைச் சந்தையில் பேசிக்கொண்டார்கள். ஆளுக்கு ஐந்து ரூபாய் கொடுத்தால் பத்து நிமிஷம் மேலே சுற்றிக் காட்டுகிறார்களாம். நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் கற்பித்து ஓய்வு பெற்றவன். விமானம் பறக்கும் விதத்தைக் கரும்பலகையில் படம் போட்டு விளக்கியிருக்கிறேனே தவிர, ஒன்றையாவது அருகில் பார்த்ததில்லை. போய்ப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றியது. ஏறலாம் என்று தோன்றியது என் மனைவி ஞானம்மாளுக்கு.

"பாக்கதுக்கு மட்டும் எதுக்கு அம்புட்டு தூரம் போணும்? நான் கேறணும்" என்றாள்.

எனக்கு உயரம் ஆகாது. தென்னையில் ஆள் ஏறுவதைப் பார்த்தாலே உள்ளங்கால் கூசும். ஆனால், கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவளாக ஓரிடத்துக்குப் போகவேண்டும் என்று கேட்டது இதுதான் முதல் தடவை. மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. பார்க்கலாம் என்று மட்டும் சொல்லிவைத்தேன்.

இதே வழியில் போக நினைப்பவர்களுக்காக: குழித்துறையிலிருந்து நாகர்கோவிலுக்குச் சுமார் பதினெட்டு மைல். ஒன்பது மணி பஸ்ஸில் ஏறினால் நடுப்பகலுக்குள் நாகர்கோவிலில் சாப்பிட்டுவிட்டுத் தோவாளைக்கு வேறு பஸ் பிடிக்கலாம். வலது பக்கத்து இருக்கைகளில் வெயில் அடிக்கும். பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்க்க விரும்புகிறவர்கள் தக்கலையில் இறங்கவேண்டும். நாங்கள் இறங்கவில்லை.

பஸ்ஸில் அவளுக்கு விஷயத்தை விளக்கினேன், என் தைரியத்துக்காகவும்தான். "இறக்கையின் மேல்பக்கம் வளைவு, கீழ்பக்கம் தட்டை. முன்னால ரெண்டாப் பிரியுத காத்துல, மேல போறதுக்குத் தூரம் கூடுதல். கீழ போறதோட ஒரே நேரத்துல பின்னால போய்ச் சேரணும்னா அது வேகமா ஓடணும். வேகமா ஓடுத காத்துல அழுத்தம் குறையும். அதனால கீழ இருக்க காத்து இறக்கையைத் தூக்கும்."

ஞானம்மாள் என் பக்கம் திரும்பினாள். "ரெண்டும் ஒரே நேரத்துல போய்ச் சேரணும்னு யாரு சொன்னா?"

"சேரணும்னுதான்..."

"மேல் காத்துக்கும் கீழ் காத்துக்கும் கல்யாணமா நிச்சயம் பண்ணி வச்சிருக்கு? ஒண்ணு பிந்தினா மத்தது கோவிச்சுக்கிடுமா?"

டிரைவர் உரக்கச் சிரித்தார். "சாரே, அம்மச்சி கேட்டது நல்ல கேள்வியாக்கும். உத்தரம் சொல்லாம வண்டி தக்கலை தாண்டாது, கேட்டியளா!"

வண்டி தாண்டிவிட்டது. நான்தான் உத்தரம் சொல்லவில்லை. எத்தனையோ வகுப்புகளில் சொன்ன வாக்கியம் அது. ஒருவரும் இப்படிக் கேட்டதில்லை. யோசிக்க யோசிக்க, அவை சேர்ந்துதான் ஆகவேண்டும் என்பதற்கு எனக்கு ஒரு காரணமும் அகப்படவில்லை. ஆகாயத்தில் எப்படி நிற்கிறது என்று எனக்கே தெரியாத ஒன்றில் இவளை எப்படி ஏற்றுவது? பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவது என்று மனதுக்குள் முடிவு செய்தேன்.

அவளோ ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, உள்ளங்கையைச் சற்றே சாய்த்துப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தாள். "இஞ்ச பாருங்க, கை தானா மேல போவுது!"

"அம்மச்சி, கைய உள்ள எடுங்க. எதிர்ல காளவண்டி வருது" என்றார் டிரைவர். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை.

மேய்ச்சல் வெளியில் திருவிழாக் கூட்டம். விமானம் நான் நினைத்ததைவிடச் சிறியது. மரச்சட்டமும் துணியும் கம்பியும்தான். நான் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஞானம்மாள் பத்து ரூபாய் கொடுத்து இரண்டு சீட்டு வாங்கிவிட்டாள். ஓட்டுகிறவர் வடக்கேயிருந்து வந்த இளைஞர், ஆங்கிலத்தில் பேசினார். எங்கள் முறை வருவதற்கு முன்பே அவரிடம் தயங்கித் தயங்கி அந்தக் கேள்வியைக் கேட்டேன். அவர் கேலி செய்யவில்லை. இரண்டு காற்றும் சேர்வதே இல்லை என்றார். மேலே போனது முந்திப் போய்விடுகிறதாம். மேலே அழுத்தம் குறைவது மெய்தான். நான் சொன்ன காரணம்தான் தவறு. "இறக்கை காற்றைக் கீழ்நோக்கித் தள்ளிவிடுகிறது. காற்று இறக்கையை மேல்நோக்கித் தள்ளுகிறது" என்று தம் உள்ளங்கையைச் சாய்த்துக் காட்டினார்.

நான் மொழிபெயர்ப்பதற்குள் ஞானம்மாளுக்குப் புரிந்துவிட்டது. "பஸ்ஸுல நான் காட்டினதுதானே இது?"

நாலு மணிக்கு எங்கள் முறை. விமானத்தின் வாலைப் பிடித்துத் திருப்பி, ஆரல்வாய்மொழிக் கணவாயிலிருந்து வீசுகிற காற்றுக்கு நேர் எதிராக நிறுத்தினார்கள். அதைப் பார்த்ததும் அவள் முகம் மாறிவிட்டது. அவள் மணவாளக்குறிச்சிக் கரையில் பிறந்து வளர்ந்தவள். எதிர்க்காற்று பலமாக இருந்தால் அங்கே கடலில் வள்ளம் இறக்கமாட்டார்கள்.

என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாம். எதிர்க்காத்துல இறக்குகான். இந்தப் பயலுக்கு ஒண்ணும் தெரியாது. வாங்க, போவோம்."

நான் வாய் திறக்காமல் தலையசைத்திருந்தால் போதும், இருவரும் வீடு திரும்பியிருக்கலாம். குறை என் பயத்தின் மேல் வந்திருக்காது. ஆனால் இந்தக் கேள்விக்கு எனக்கு விடை தெரியும். தெரிந்ததைச் சொல்லாமல் அவளைத் திருப்பி அழைத்துப்போக மனம் ஒப்பவில்லை.

"வள்ளத்துக்குத்தான் எதிர்க்காத்து பகை. இதுக்கு அப்படி இல்ல. இறக்கைக்கு வேண்டியது அது மேல ஓடுத காத்து. எதிர்க்காத்து இருந்தா, நிக்கும்போதே பாதி ஓட்டம் கிடைச்சிரும். கொஞ்ச தூரம் ஓடினாலே எழும்பிரும்."

"நிச்சயமா?"

"நிச்சயம்" என்றேன். அந்தச் சொல்லை நான் அதிகம் பயன்படுத்துவதில்லை.

"அப்போ நீங்களும் வாங்க" என்றாள்.

முன்னிருக்கையில் இருவரும் நெருக்கி உட்கார்ந்தோம். தரை தடதடத்தது, பிறகு தடதடக்கவில்லை. அப்போதே நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஆகையால் மேலிருந்து நாஞ்சில் நாடு எப்படி இருக்கும் என்று எதிர்பார்த்து இதைப் படிக்கிறவர்கள் என்னை மன்னிக்கவேண்டும். ஞானம்மாள் என்னவோ கத்திக்கொண்டே வந்தாள். என்ஜின் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை.

இறங்குவதற்காக ஓட்டுகிறவர் என்ஜினைத் தணித்தார். இரைச்சல் அடங்கிவிட்டது. கம்பிகளில் காற்று சீழ்க்கையடிப்பது மட்டும் கேட்டது. நின்றுபோயிற்று, விழப்போகிறோம் என்றே நினைத்தேன். அப்போதுதான் அவள் குரல், பக்கத்தில், வீட்டில் பேசுவதுபோலத் தெளிவாகக் கேட்டது.

"அறுத்த வயலெல்லாம் பாய் உணக்கப் போட்ட மாதிரி கிடக்கு. அந்தா, சுசீந்திரம் கோபுரம், விரல் உயரம்தான். அங்க பாருங்க, கடலு! பிறந்ததுலேந்து பாக்கேன், இம்புட்டு பெரிசுன்னு தெரியாமப் போச்சே."

கண்ணைத் திறந்தேன். ஆனால் நான் கடலைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தேன். முக்காடு கழன்று, நரைமுடி பறக்க, வாயைத் திறந்தபடி சிரித்துக்கொண்டிருந்தாள். தரையில் சக்கரம் பட்டபோதுகூட நான் வேறு பக்கம் பார்த்ததாக நினைவில்லை.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள். குடை கொண்டுபோகாதீர்கள், அந்தக் காற்றில் நிற்காது. கடைசிப் பஸ் ஏழு மணிக்கு முன்பே போய்விடுகிறது, விசாரித்து வையுங்கள். ஏறும்போது காதில் அடைக்கப் பஞ்சு கொடுப்பார்கள். பக்கத்தில் உட்காருகிறவர் உங்களுக்கு வேண்டியவர் என்றால், அந்தப் பக்கத்துக் காதை மட்டும் அடைக்காமல் விட்டுவையுங்கள்.