பக்கத்து வீட்டு அக்கா சொன்ன ‘டா பெசார்’

பூனை வளர்ப்பதில் பினாங்கிலேயே என்னை மிஞ்ச ஆளில்லை. பொய்தான். நான் வளர்க்கும் முதல் பூனையே முத்துதான். அதற்கு நாலு மாதம் ஆனபோது பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா, “டா பெசார்லா!” என்று கொஞ்சினார். பெரிசாகிவிட்டதாம். பூனை வளர்ப்பில் அரிச்சுவடிகூடத் தெரியாத நான் அதை மருத்துவர் வாக்காக எடுத்துக்கொண்டு, அன்றே குட்டித் தீனியை நிறுத்திப் பெரிய பூனைத் தீனியைக் கிண்ணம் நிறைய வைத்தேன். இரண்டு நாள் ஓயாத வயிற்றுப்போக்கு. மூன்றாம் நாள் முத்து ஈரத்துணி மாதிரி துவண்டு கிடந்தது. பயந்துபோய் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

“ஒரு வயசு ஆகாம தீனிய யாருண்ணே மாத்தச் சொன்னா?” என்றார் டாக்டரம்மா.

“பக்கத்து வீட்டு அக்கா பெரிசாயிருச்சுன்னாங்க, டாக்டர்.”

“நீங்களுந்தான் பெரிசா இருக்கீங்க. புத்தி வந்துருச்சா?”

ஊசி போட்டு, மருந்தேற்றி, முத்துவைக் காப்பாற்றிவிட்டார். இப்போது மறுபடியும் குட்டித் தீனிதான். ஒரு வயது ஆனதும், பழைய தீனியோடு புதியதைக் கொஞ்சங்கொஞ்சமாகக் கலந்து, பத்து நாளில்தான் மாற்றுவேன். எப்படிக் கலப்பது என்றால், முதல் நாள்...

மனைவி கத்துகிறாள்: “ஏங்க, எழுதுனது போதும்லா! உங்க நாசி லெமாக் சோத்துல முத்து வாய வைக்குது, ஓடியாங்க!”