பேஸ்பால் கேம்ப் தேடிய நோரா

“காதுல பஞ்சா வச்சிருக்க? நான் கேட்டது பேஸ்பாலு, பாஸ்கெட்பாலு இல்ல!” என்று மைதானத்து வாட்ச்மேன் மேல் எரிந்து விழுந்தாள் நோரா. நான் கன்னடத்தில் சொல்லியும் அந்த மடையன் கூடைப்பந்துக் கம்பத்தையே காட்டினான்.

நோரா ஈஜிபுராவில் எனக்குப் பக்கத்து வீடு. நர்சிங் ஹோமில் ஆயா. புருஷன் ஓடிப்போனவன்; தொலைந்ததே நல்லது. மகன் டேரில் பத்தாவதில் தட்டுத்தடுமாறிப் பாஸானவன்; பேஸ்பால் மட்டும் பிரமாதமாக ஆடுவான். கோடை கேம்ப்பில் அணிக்கு ஆள் எடுப்பவர்கள் கண்ணில் பட்டால்தான் விளையாட்டுக் கோட்டாவில் பதினொன்றாவதுக்குக் காலேஜ் சீட்டு. தொண்ணூற்றெட்டு மே மாதம் முழுக்க அவனையும் கூட்டிக்கொண்டு மைதானம் மைதானமாக அலைந்தோம். எங்கே கேட்டாலும் கூடைப்பந்துதான்.

“வாயால சொன்னா எவனுக்கும் புரியல பெரியம்மா, கையில காட்டுறேன்” என்று ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய பேஸ்பால் மட்டை ஒன்று வாங்கினாள்.

“ரவுடின்னு பஸ்ஸ விட்டு எறக்கிடுவான்டி” என்றேன்.

மறுநாள் போன மைதானத்தில் கோச் தமிழ்க்காரர். மட்டையைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார்.

“பேஸ்பாலா? கேம்ப் நேத்தே முடிஞ்சிருச்சும்மா. ஆள் எடுத்தாச்சு.”

“ஒரே ஒரு பந்து அவன் அடிக்கிறதப் பாருங்க சார்!”

அவர் பைக்கை உதைத்துக் கிளம்பிவிட்டார். நோரா மண்ணிலேயே உட்கார்ந்தாள். அந்த மட்டை நூற்றெண்பது ரூபாய்.