வேண்டாம் என்ற பொத்தான்

பீடோங் என்ற சிறுநகரத்தில் கைப்பேசிக் கடை ஒன்றின் மாடியில் உட்கார்ந்து, சிறு அமைப்புகளின் இணையத்தளங்களைப் பராமரிப்பது என் பிழைப்பு. வீட்டில் அடி உதை படும் பெண்களுக்கு உதவும் ஒரு குழுவின் தளம் அப்போதுதான் புதிதாக என் கைக்கு வந்திருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று நான் இன்னும் திறந்துகூடப் பார்க்கவில்லை.

அதற்குள் குழுவின் தலைவி அழைத்தார். ஓய்வுபெற்ற தாதி, எப்போதும் அதட்டலாகப் பேசுபவர். அன்று குரல் கம்மியிருந்தது. பாடாங் செராய் பக்கம் ஒரு தோட்டத்தில் குடியிருந்து தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகும் அக்கா ஒருவர் எங்கள் தளத்தைப் படித்திருக்கிறார். மறுநாள் அவர் கணவரின் போனில் விவாகரத்து வழக்கறிஞர்களின் விளம்பரங்கள் வரிசைகட்டி வந்திருக்கின்றன. இருவர் போனிலும் ஒரே கணக்கு. அதைப் போட்டுக் கொடுத்ததே கணவர்தான். "யாருக்குடி விவாகரத்து?" என்று கேட்டுக் கேட்டு அடித்திருக்கிறார்.

"அந்தப் பொண்ணு 'வேண்டாம்'னுதான் அழுத்துனாளாம்மா."

தளத்தைத் திறந்தால் வருபவரை அடையாளம் வைத்துக்கொள்ளும் குக்கீகளுக்குச் சம்மதம் கேட்டு கீழே ஒரு பட்டை வரும். 'சரி', 'வேண்டாம்' என்று இரண்டு பொத்தான்கள். அந்தப் பக்கம் வெளியே யார் யாருக்குத் தகவல் அனுப்புகிறது என்று காட்டும் பட்டியலை உலாவியில் திறந்து வைத்துக்கொண்டு 'வேண்டாம்' என்பதை அழுத்தினேன். அரட்டைப் பெட்டி, வரைபடம், யார் எதைப் படிக்கிறார்கள் என்று வேவுபார்க்கும் ஏதோ ஒரு விளம்பர நிறுவனத்தின் ஸ்கிரிப்ட் எல்லாம் சாவகாசமாக ஓடிக்கொண்டிருந்தன. நான் அழுத்துவதற்கு முன்பே கிளம்பியவை அவை. அந்தப் பொத்தான் பட்டையை மறைத்தது, அவ்வளவுதான்.

தலைவியிடம் கேட்டேன்.

"நான்தாம்மா அப்படிப் போடச் சொன்னேன். வீட்டுக்கு வந்தவங்க தண்ணி வேணாம்னு சொன்னா விட்டுருவோமா? கூச்சத்துல சொல்றாங்கன்னு நெனச்சேன். அரட்டைப் பெட்டி தெறந்திருந்தா, மனசு மாறி ஒரு வார்த்தை பேசுவாங்கன்னு பாத்தேன்."

எங்கள் பக்கம் விருந்தாளி முதலில் வேண்டாம் என்றுதான் சொல்வார். அதைக் காதில் வாங்காமல் தேத்தண்ணியை முன்னால் வைப்பதுதான் மரியாதை. நானும் அப்படி வளர்ந்தவள்தான். ஆனாலும் கோபத்தில் நாலு வார்த்தை சொல்லிவிட்டேன். அவர் அழுதார். அதற்குமேல் திட்ட எனக்கு மனம் வரவில்லை.

வெளியார் ஸ்கிரிப்ட் ஒவ்வொன்றையும், 'சரி' அழுத்தும்வரை அசையாதபடி நிறுத்தினேன். அரட்டைப் பெட்டி மட்டும் அடங்கவில்லை. தேடிப் பார்த்தால், யாரோ அதைப் பக்கத்தின் அடியில் தனியாக இன்னொரு முறை ஒட்டி வைத்திருந்தார்கள். அதையும் பிடுங்கி எறிந்தேன். எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணும் கருவியும் சேர்ந்து முடங்கியது. நன்கொடையாளர்களுக்கு அதைத்தான் காட்டுவார்கள்.

"போனா போகட்டும்லா" என்றார் தலைவி.

சில நாள் கழித்துத் தன் காரில் அந்த அக்காவை அழைத்து வந்தார். கன்றிப்போன கன்னத்தைத் துப்பட்டாவால் மறைத்திருந்தார் அக்கா. தளத்தைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்று அவரே கேட்டாராம். என் கணினியில் அந்தப் பட்டியலோடு சேர்த்துத் திறந்து காட்டினேன்.

"இப்ப யாருக்கும் போகாதா, தங்கச்சி?"

"போகாதுக்கா. நீங்க 'சரி'ன்னு அழுத்துனாத்தான் போகும்."

அவரே 'வேண்டாம்' என்பதை அழுத்தினார். பட்டியலில் எங்கள் தளத்தின் பெயர் மட்டும் இருந்தது. இன்னும் ஏதாவது வருமோ என்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் வரவில்லை.

"வீட்டுல நான் வேணாம்னு சொன்னா எதுவும் நிக்காது" என்றார். ஊர்க்கதை பேசுவதுபோலச் சாதாரணமாகத்தான் சொன்னார். தலைவி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பிறகு தங்குமிடம் பற்றிய பக்கத்தைத் திறந்தார். அன்று பயந்துபோய்ப் பாதியில் மூடியது அதைத்தானாம். இப்போது கடைசி வரிவரை நிதானமாகப் படித்தார். பையிலிருந்து போனை எடுத்து, அணைத்து, என் மேசையில் வைத்தார்.

"இது இங்கயே இருக்கட்டும், தங்கச்சி."

தலைவியிடம் திரும்பினார்.

"உங்க காடி கீழதானே நிக்குது? இப்படியே அந்தத் தங்குமிடத்துக்குப் போயிரலாம்க்கா."