கிடங்கிலிருந்து இறங்கிய கார்

மாரடைப்பு வந்து பிழைத்த என் வீட்டுக்காரர், நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்க்க ஆரம்பித்தார். விழுப்புரத்தில் எங்கள் தெரு முழுக்கக் கேட்கும் குரல் அவருக்கு. அந்த மனிதர், சாப்பிடுகிறீர்களா என்றால்கூடத் தலையை மட்டும் ஆட்டுவார்.

திண்டிவனத்தில் மாமனாரின் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, கிடங்கில் ஒரு பழைய கறுப்புக் கார் கிடந்தது. நான் கல்யாணமாகி வந்தபோதே அது ஓடாத கார்தான். ஒருநாள் வீட்டுக்காரர் திடீரென்று, "அந்த வண்டிய ஓட்டிப் பாக்கணும்" என்றார். எத்தனையோ மாதம் கழித்து அவர் தானாக வாயைத் திறந்து பேசியது அதுதான். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

சொல்லவில்லை. ஆனால் பயந்தே செத்தேன். ஞாயிறுதோறும் மாத்திரைப் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் அவர் பின்னாலேயே போனேன். பின்சீட்டைப் பிரித்தால், எலிகள் சேர்த்துவைத்த மல்லாட்டைத் தோல் கூடை கூடையாகக் கொட்டியது. அவர் காருக்கு அடியில் படுத்தால், கால் அசைகிறதா என்று பார்த்துக்கொண்டே நிற்பேன். அசையாவிட்டால், "ஏங்க, தண்ணி வேணுமா?" என்பேன். "சும்மா தொணதொணன்னுக்கினு இருக்காத" என்று அடியிலிருந்து எரிந்து விழுவார். திட்டுகிறாரே, அதுவே எனக்குப் போதும். மதியத்தில் ரசம் சாதத்தை மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிடவும் தொடங்கினார்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இஞ்சின் இருமி, புகை கக்கி, ஓட ஆரம்பித்தது. வாராவாரம் வந்து கூட வேலை செய்த மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "சார், பிரேக் சுத்தமா இல்ல. சாமான் மெட்ராஸ்லருந்து வரணும். அதுவரைக்கும் நகத்தாதீங்க, பேஜாரா பூடும்."

"ரெண்டடி நகத்தினா போதும். நாலரைக்கு ராகு காலம். அதுக்குள்ள ஜல்தியா எலுமிச்சம்பழத்த நசுக்கிடலாம்" என்றார் இவர். வீட்டுப் பெண்தான் முதலில் வண்டியை எடுக்க வேண்டுமாம். எங்கள் சின்னக் காரை நான்தான் ஓட்டுகிறேன், அந்தத் தகுதி வேறு. போய் ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்தேன். மெக்கானிக் அரைமனதாகத் தேங்காய் எடுக்க உள்ளே போனார்.

கிடங்கின் வாசல் சரிவு. மூட்டை ஏற்றிய வண்டிகள் வந்துபோக அப்படிப் போட்டிருந்தார்கள். அந்தச் சரிவில் நின்ற கார் உருளாமலிருக்க மெக்கானிக் முன்சக்கரங்களுக்குக் கருங்கல் முட்டுக் கொடுத்திருந்தார். இவர் எலுமிச்சம்பழத்தோடு எனக்கு முன்னால் குனிந்தார். "இங்க கல்லு இருந்தா பழத்த எங்க வெக்கிறது?" என்று அவர் முனகியது கேட்டது. இடப்பக்கத்துக் கல்லைத் தள்ளிவிட்டுப் பழத்தை வைத்தார். எனக்கு உறைப்பதற்குள் வலப்பக்கம் போய் அந்தக் கல்லையும் தள்ளிவிட்டார்.

கார் நகர்ந்தது. பிரேக்கை மிதித்தேன், பெடல் தரையோடு போய்ப் படிந்தது. இரண்டு காலாலும் மிதித்தேன். பானெட்டுக்கு மேலே அவருடைய நரைத்த உச்சந்தலை தெரிந்தது, பிறகு அதுவும் தெரியவில்லை. "ஏங்க, தள்ளிப் போங்க!" என்று கத்திக்கொண்டே ஸ்டீயரிங்கை இடப்பக்கம் முழுபலத்தோடு ஒடித்தேன். கார் சரிவை ஒட்டிய கிடங்குச் சுற்றுச்சுவரில் போய் மோதி நின்றது.

என்னால் இறங்க முடியவில்லை. வலப்பக்கம் திரும்பிப் பார்க்கவே பயம். அப்புறம் வேட்டியெல்லாம் மண்ணோடு அவர் எழுந்து நிற்பது தெரிந்தது. முழங்கையில் சிராய்ப்பு, வேறொன்றும் இல்லை. அறிவிருக்கிறதா உங்களுக்கு என்று கேட்க வாயைத் திறந்தால் அழுகைதான் வந்தது.

அவர் என்னைப் பார்க்கவில்லை. நேராகக் காரின் முன்னால் போய் நின்றார். ஹெட்லைட் நொறுங்கி, மட்கார்டு உள்ளே போயிருந்தது. வாராவாரம் அவர் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கிய மட்கார்டு. ஒரு வார்த்தை பேசவில்லை. பார்க்கப் பார்க்க எனக்கு வேறு பயம் பிடித்தது. மறுபடி அந்த நாற்காலி, அந்தச் சுவர். ஆளைக் காப்பாற்றி, பழையபடி மூலையில் உட்காரவைத்துவிட்டேனோ?

மெக்கானிக் தேங்காயோடு ஓடிவந்தார். இவர் நெளிந்த தகரத்தை விரலால் தடவினார். பிறகு மெதுவாகத் திரும்பி, "இத நிமுத்தறதுக்கு நல்ல டிங்கர் யாருனா இருக்காங்களா?" என்று கேட்டார்.

"வளவனூர்ல ஒருத்தர் இருக்காரு சார். ஆனா கூப்ட்டா வரமாட்டாரு."

"வீடு எங்கன்னு சொல்லுங்க" என்றேன் நான், முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு. "நான் போய்க் கூட்டிக்கினு வர்றேன்."