படத்தில் இல்லாத மஞ்சள் பலகை

என் வீட்டுக்காரர் புகைப்படக்காரர். கேமரா கைக்கு வந்துவிட்டால் ஆள் இந்த உலகத்திலேயே இருக்க மாட்டார். கேமரா இல்லாவிட்டாலும் பெரிய வித்தியாசம் கிடையாது. பால் பொங்கி வழியும்போது, "நுரையில வெளிச்சம் விழுறதப் பாரேன்" என்று என்னைக் கூப்பிடுகிற பிறவி. பற்றிக்கொண்டு வரும். ஆனால் அடுப்பை அணைத்துவிட்டு நானும் அந்த நுரையைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

அன்று ஒரு வாடகை ஹாலில் பிறந்தநாள் விழா, படம் எடுக்க இவர் போயிருந்தார். தரையில் யாரோ ஜூஸைக் கொட்டிவிட, ஹாலைத் துப்புரவு செய்யும் அம்மா துடைத்து, வழுக்கும் என்று எழுதிய மஞ்சள் பலகையை வைத்துவிட்டுப் போனார். உயரமான ஜன்னல் வழியே மாலை வெயில் வந்து ஈரத்தரையில் படுத்துக்கொண்டது. பலூன்கள் எல்லாம் தரைக்குள்ளே தலைகீழாக மிதந்தன. இவர் சொக்கிப்போனார். பலகை மட்டும் கண்ணை உறுத்தியது. அதை ஓரமாகச் சாய்த்துவிட்டுப் படம் எடுத்தார். பிறகு அடுத்த வெளிச்சத்தைத் தேடிப் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில், விருந்துக்கு வந்த ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் அங்கே வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார்.

டீச்சரின் வக்கீல் ஹால் முதலாளிக்கு நோட்டீஸ் அனுப்பினார். முதலாளி பழியைத் துப்புரவு அம்மாவின் தலையில் கட்டி, வேலையை விட்டும் நிறுத்தினார். பலகை வைத்தேன் என்று அந்த அம்மா சொன்னதை யாரும் நம்பவில்லை. கேள்விப்பட்ட இவரும், "பாவம், ஒரு பலகையாவது வச்சிருக்கலாம்" என்றுதான் சொன்னார்.

விழா முடிந்த பன்னிரண்டாம் நாள் ஆல்பத்துக்குப் படம் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அடுத்தடுத்து இரண்டு படங்கள். முதலாவதில் பலகை இருந்தது, அடுத்ததில் இல்லை.

"என்னங்க, இந்தப் பலகை எங்க போச்சு?"

திரையைப் பார்த்தார். தூக்கத்தில் தட்டி எழுப்பிய குழந்தை மாதிரி விழித்தார். "நான்தான் நகர்த்தினேன். எப்படி மறந்தேன்?"

உண்மையைச் சொல்கிறேன், அந்த அம்மாவின் நினைப்பு எனக்கு முதலில் வரவில்லை. கேஸ் நம் பக்கம் திரும்புமே என்றுதான் பயந்தேன். "முதல் படத்த அழிச்சிடட்டுமா?" என்று கேட்டது என் வாய்தான்.

"அழிச்சிட்டா அந்தம்மாவுக்கு வேற சாட்சி ஏது?" என்றார்.

மறுநாள் டீச்சரின் வக்கீலிடம் இரண்டு படங்களையும் கொடுத்தார்.

"இதக் கொடுத்தா பொறுப்பு உங்க மேல வரும், தெரியுமில்ல?"

"தெரியும் சார். நகர்த்தினது நான்தானே."

அங்கிருந்து நேராக அந்த அம்மாவின் வீட்டுக்குப் போனோம். நன்றாகத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். இவர் சொல்லி முடித்ததும் அவர் சுவரைப் பிடித்தபடி மெல்ல உட்கார்ந்தார்.

"அப்ப நான் வச்சேனா சார்?"

"வச்சீங்கம்மா. படத்துல இருக்கு."

"எல்லாரும் சொல்லிச் சொல்லி, நான்தான் வைக்க மறந்துட்டேன்னு நெனச்சுட்டேன். நேத்துதான் ஆஸ்பத்திரிக்குப் போய் டீச்சர் கால்ல விழுந்துட்டு வந்தேன்."