தூக்கப் படம் விழுந்த மதியம்

நெல்லியாளம் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டின் பிள்ளைக் காம்பராவில் நான் டீச்சர். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார், பிள்ளைகளை என்னிடம் விட்டுப் போவார்கள். போன வருடம் சிலோனிலிருந்து கப்பலேறி வந்த குடும்பங்களின் பிள்ளைகள் பதினோரு பேர். "அம்மா எப்ப வரும்?" என்று ஒரே அழுகை. அதனால் கஞ்சி, பாட்டு, பால், தூக்கம், கடைசியாகக் கொழுந்து நிறுக்கும் தராசருகே அம்மா என்று படம் வரைந்து சுவரில் வரிசையாக ஒட்டினேன். முடிந்த வேலையின் படத்தைக் கழற்றிவிடுவேன். சாயங்காலம் அம்மா படம் மட்டும் மிஞ்சியதும் பிள்ளைகளைத் தராசடிக்கு அழைத்துப் போவேன். அழுகை நின்றே போயிற்று!

அன்று மதியம் பால் படத்தைக் கழற்றிவிட்டு, டம்ளர் கழுவப் பின்பக்கம் போனேன். மழை ஈரத்தில் பசை விட்டு, தூக்கப் படம் விழுந்ததை நான் கவனிக்கவில்லை. திரும்பி வந்தால் காம்பரா காலி! காலையில்தான் தராசுக்குப் போகும் பாதையில் யானை லத்தி பார்த்திருந்தேன். அலறிக்கொண்டு ஓடினேன்.

தராசடியில் பதினோரு பேரும் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்தபடி நின்றார்கள்! "அம்மா படம் வந்திருச்சி டீச்சர், அதான் வந்தோம்" என்றாள் நான்கு வயது செல்வி. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

இப்போது படங்களை ஆணியில் மாட்டுகிறேன். கடைசிப் படத்தில் பிள்ளைகளின் கையைப் பிடித்தபடி என்னையும் வரைந்துவிட்டேன். நேற்று மறதியாக நான் முன்னால் நடந்தபோது செல்வி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"படத்துல கையப் புடிச்சிருக்கீங்களே, டீச்சர்!"