உபதேசியார் போட்டிருந்த சட்டை

உபதேசியாரை நினைத்தால் அவருடைய மொபெட்தான் முதலில் கண்ணில் வந்து நிற்கிறது. முன்னால் இரண்டு மூட்டை, பின்னால் மூன்று மூட்டை, எல்லாவற்றுக்கும் மேலே நீலத் தார்ப்பாய். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் காலையில் கோயில் வாசலிலிருந்து அவர் கிளம்பியபோது ஊரே நின்று கை தட்டியது. நான் தட்டவில்லை. வானத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது, எதற்கு ஐயா தார்ப்பாய்? உள்ளே இருப்பது வெளியே தெரியக்கூடாது என்பதற்குத்தானே? சந்தேகம் எனக்குப் பிறவிக் குணம். இருபது வருஷமாகத் தையல் தொழில். அளவு கொடுக்க வருகிறவர்கள் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு நிற்பார்கள். டேப் வைத்துப் பார்க்காமல் யார் சொல்வதையும் நான் நம்பியதில்லை.

எங்கள் ஊர் அரியலூரிலிருந்து திருமானூர் போகும் வழியில் இருக்கிறது. சின்னக் கோயில். பாதர் ஞாயிறு, திருநாள் பூசைக்கு மட்டும் வெளியூரிலிருந்து வருவார். மற்ற நாளில் கோயிலைத் திறப்பது, ஜெபம் சொல்வது, சாவுக்கு மணியடிப்பது எல்லாம் உபதேசியார்தான். அந்த வருஷம் பாதர் பிரசங்கத்தில் ஒரே போடாகப் போட்டார். இந்தக் கிறிஸ்துமஸுக்கு யாரும் யாருக்கும் பரிசு கொடுக்கக் கூடாது, சீட்டுக் குலுக்கி யார் பேர் வருகிறதோ அவருக்குப் பரிசு கொடுப்பது, கேக் பெட்டி எல்லாம் வேண்டாம், கொடுக்க நினைத்ததைக் கொள்ளிடக் கரையில் கொட்டகை போட்டுக் கரும்பு வெட்டும் வெளியூர்க் குடும்பங்களுக்குக் கொடுங்கள், புதுசாகக் கொடுங்கள் என்றார். நானும் இளம்பச்சைத் துணியில் ஒரு சட்டை தைத்தேன். போட்டுக்கொள்ளப் போகிறவன் யாரென்று தெரியாது, அளவும் கிடையாது. கை போன போக்கில் வெட்டினேன். பச்சை நூல் தீர்ந்துவிட்டதால் கடைசி இரண்டு பட்டன் துளைக்கு மட்டும் சாம்பல் நூலில் காஜா எடுத்தேன். கோயிலில் வைத்திருந்த பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன். பெட்டியில் சேர்ந்ததைப் பிரித்து மூட்டை கட்டி எடுத்துப் போகும் பொறுப்பு முழுவதும் உபதேசியாருடையது. ஒரே ஆள் கையில் இவ்வளவையும் விட்டால் எப்படி என்று அப்போதே எனக்கு மனசு உறுத்தியது.

அவர் திரும்பி வந்ததும் தெருவிலேயே மறித்துக் கேட்டேன்.

"எல்லாத்தையும் குடுத்தாச்சா?"

"குடுத்தாச்சும்மா. புள்ளைங்களுக்கு ஒரே சந்தோசம்."

"ஒரு போட்டோ எடுத்து குரூப்புல போட்டிருக்கலாமே?"

"கை நீட்டி வாங்குறவங்கள படம் புடிக்கறதாம்மா? நல்லாருக்காதும்மா."

பதில் ரொம்ப நன்றாக இருந்தது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

புது வருஷப் பூசையில் முதல் வாசகம் வாசிக்க உபதேசியார் முன்னால் வந்தார். இளம்பச்சைச் சட்டை. நான் இரண்டாவது வரிசையில் இருந்தேன். அடியில் இரண்டு காஜா சாம்பல் நூல். அடேயப்பா, என்ன நெஞ்சழுத்தம்! எடுத்ததுதான் எடுத்தார், வீட்டுக்குள் போட்டுக்கொள்ளக் கூடாதா? சபை முழுக்கப் பார்க்கும்படி வந்து நிற்கிறாரே! அன்றைக்கு அவர் வாசித்ததில் ஒரு வார்த்தை என் காதில் விழவில்லை.

அந்த வாரம் அன்பியக் கூட்டம். பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒரு வீட்டில் கூடி ஜெபம் சொல்வோம். ஜெபம் முடிந்து காப்பி வருவதற்குள் எல்லார் முன்னாலும் கேட்டேன். "உபதேசியாரே, கரும்பு வெட்டுறவங்களுக்குன்னு நான் தச்சுப் போட்ட பச்சைச் சட்டை உங்க மேல எப்படி வந்துச்சு?" அவர் என்னையே பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "தப்புதாம்மா, மன்னிச்சுக்குங்க" என்றார். அவ்வளவுதான். அப்பவே நினைச்சேன் என்று நாலு பேர் கிளம்பினார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாதர் அவரிடமிருந்து கோயில் சாவியை வாங்கிவிட்டார். உன் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று ஊர் என்னைப் புகழ்ந்தது. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

சட்டையைத் துவைத்து இஸ்திரி போட்டு அவர் சம்சாரம் கொண்டுவந்தார். மிஷின் மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். கரும்புக் கொட்டகைக்கே அனுப்பலாம் என்று, அளவு எழுதிவைக்க டேப்பை எடுத்தேன். இடது தோள் வலதைவிட அரை அங்குலம் இறங்கியிருந்தது. மறுபடி வைத்துப் பார்த்தேன். அதேதான். எங்கள் ஊரில் அப்படித் தோள் இறங்கிய ஆள் ஒருவர்தான். வாலிப வயசில் கோயில் மணிக்கூண்டு ஏணியிலிருந்து விழுந்த உபதேசியார்.

வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு உபதேசியாருக்கு ஒரு சட்டை தைத்துக் கொடுப்பது என் பங்கு. ஒரு வீடு வேட்டி, ஒரு வீடு அரிசி, ஒரு வீடு எண்ணெய். சம்பளமென்று சொல்லிக்கொள்ள அவருக்கு ஒன்றும் கிடையாது, இதை வைத்துத்தான் அந்தக் குடும்பம் ஓடியது. யாரும் யாருக்கும் பரிசு கொடுக்கக் கூடாது என்று பாதர் சொன்னதும், கேக்கோடு சேர்த்து இதையும் நிறுத்திவிட்டோம். ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. எனக்கும்தான். பழக்கத்தில் கை மட்டும் அவர் அளவுக்கே வெட்டியிருக்கிறது.

சட்டையைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்கு ஓடினேன். "ஏன் உபதேசியாரே அன்னைக்கே சொல்லல?" என்று அழுதேன்.

"பிரிக்கறப்ப எடுத்துப் பாத்தேன்மா. தோளு சரியா இருந்துச்சு. வருசா வருசம் தைக்கிறவங்க, எனக்குன்னுதான் வச்சிருக்காங்கன்னு எடுத்துக்கிட்டேன். நீங்க கேட்டப்பதான் எனக்கில்லேன்னு தெரிஞ்சுது."

"உங்களுக்குத்தான், போட்டுக்குங்க" என்று நீட்டினேன். அவர் கையை நீட்டவில்லை.

"இனிமே எப்புடிம்மா போடுறது? எல்லாரும் பாத்துட்டாங்கல்ல."

ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்துக்குள் குடும்பத்தோடு பெரம்பலூரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். இரண்டு வருஷத்தில் இறந்தும் போனார். பாவசங்கீர்த்தனத்தில் பாதரிடம் சொல்லிவிட்டேன். பரிகாரமாக மூன்று மங்கள வார்த்தை ஜெபம் சொல்லச் சொன்னார், சொன்னேன். அன்பியத்தில் மட்டும் இன்றுவரை வாய் திறக்கவில்லை. இப்போதும் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கொள்ளிடக் கரைக்கு மூட்டை போகிறது. புது உபதேசியார் போட்டோ எடுத்து குரூப்பில் போடுகிறார். பார்த்துவிட்டு யாராவது, "முன்னால இருந்தவரு சட்டைய எடுத்துக்கிட்ட ஆளாச்சே" என்று சிரிப்பார்கள். நான் குனிந்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருப்பேன்.